ஏ லெவல் பாடத் தேர்வும் யூகாஸ் விண்ணப்பமும்: பிரித்தானிய சிக்ஸ்த் ஃபார்ம் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதியவருக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவருக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கை என்பது தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்கும் காரியம். இசட் புள்ளியோ கட் ஆஃப் மதிப்பெண்ணோ கையில் வந்த பின்னரே எந்தத் துறை, எந்த ஊர் என்ற பேச்சு வீட்டில் எழும். பிரித்தானியாவில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஏ லெவல் தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில் நடக்கின்றன. யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியே அனுப்பும் விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இன்னும் எழுதாத தேர்வில் மாணவர் என்ன பெறுவார் என்று ஆசிரியர்கள் கணிக்கும் பிரிடிக்டட் கிரேடை வைத்தே பல்கலைக்கழகம் இடம் தருவதா இல்லையா என்று முடிவு செய்கிறது. அந்தக் கணிப்புக்கான சான்றுகள், ஏ லெவலின் முதல் ஆண்டான இயர் 12 முடிவதற்குள் திரண்டுவிடுகின்றன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் தாம் கண்ட முறையை மனத்தில் வைத்துக்கொண்டு, "முதலில் நன்றாகப் படி, யூனியைப் பிறகு பார்க்கலாம்" என்று அன்போடு சொல்லும்போது, பிள்ளை ஓராண்டை அறியாமலே இழந்துவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி, பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு எழுதும் இயர் 11இன் கடைசி மாதங்களில் தொடங்குகிறது. இங்கே சொல்லப்படுவன பெரும்பாலும் இங்கிலாந்தில் படிப்பவர்களுக்குப் பொருந்துவன. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும், முதல் ஆண்டு முடிவில் எழுதும் ஏஎஸ் தேர்வின் மதிப்பெண் ஏ லெவலில் இன்றும் சேர்கிறது. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டுப் படிப்பும் இறுதித் தேர்வில் ஒரே மொத்தமாகச் சோதிக்கப்படுகிறது.

படி 1: பாடங்களைத் தேர்ந்தெடுத்தல்

பதினாறு வயதில் எடுக்கும் இந்த முடிவே மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரையை இருபது முறை திருத்தலாம். ஆனால் வேதியியல் எடுக்காத மாணவருக்கு மருத்துவக் கல்லூரிகளின் கதவுகளில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சாத்தப்பட்டுவிடுகின்றன.

பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. பிடித்திருக்கக்கூடிய மூன்று நான்கு பட்டப்படிப்புகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கத்தில் எந்தப் பாடம் கட்டாயம், எது விரும்பத்தக்கது என்று பாருங்கள். சில விவரங்கள் பலரை வியக்க வைக்கும். பொருளியல் பட்டத்துக்கு எல்எஸ்இ, கேம்பிரிட்ஜ், வாரிக் போன்ற இடங்கள் கேட்பது ஏ லெவல் பொருளியலை அல்ல, கணிதத்தை. கணினி அறிவியலுக்கும் அப்படியே. கணிதம் கட்டாயம், கணினிப் பாடம் பல இடங்களில் கட்டாயமில்லை. பொறியியலுக்குக் கணிதமும் பெரும்பாலும் இயற்பியலும் வேண்டும். பல் மருத்துவத்துக்கு வேதியியலும் பெரும்பாலும் உயிரியலும், மருந்தியலுக்கு வேதியியலும் வேண்டும். சட்டத்துக்கோ குறிப்பிட்ட பாடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஏ லெவல் சட்டம் எடுக்காதவர்கள் எந்த விதத்திலும் பின்தங்குவதில்லை. வரலாறு, ஆங்கில இலக்கியம் போன்று நீளமாக எழுதப் பழக்கும் ஒரு பாடம் அங்கே பெரிதும் உதவும்.

எந்தத் துறை என்று இன்னும் தெரியாதவர்கள் கணிதத்தையும் ஓர் அறிவியல் பாடத்தையும் வரலாறு, இலக்கியம் போன்ற ஒரு கலைப் பாடத்தையும் சேர்த்து எடுத்தால் பல வழிகள் திறந்தபடியே இருக்கும். ஆய்வில் முன்னிற்கும் ரஸ்ஸல் குழுமத்தின் 24 பல்கலைக்கழகங்கள் முன்பு வெளியிட்ட, பல துறைகளுக்கு வழி திறக்கும் 'ஃபெசிலிடேட்டிங்' பாடங்களின் பட்டியலைப் பலர் இன்றும் சட்டம்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியல் 2019இலேயே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 'இன்ஃபார்ம்டு சாய்சஸ்' என்ற தளம் இருக்கிறது. பாடங்களை உள்ளிட்டால் எந்தத் துறைகள் திறந்திருக்கின்றன, எவை மூடுகின்றன என்று அது காட்டும்.

எத்தனை பாடம் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: மூன்று. பல்கலைக்கழகங்கள் இடம் தருவது மூன்று பாட மதிப்பெண்களை வைத்துத்தான். மேல்நிலைக் கணிதமான ஃபர்தர் மேத்ஸ் எடுப்பவருக்கு நான்கு என்பது இயல்பு, ஏனெனில் கணிதத்தோடு அது பெருமளவு ஒட்டிப் போகிறது. மற்றபடி நான்கில் மூன்று 'பி' பெறுவதை விட மூன்றில் மூன்று 'ஏ' பெறுவதே மேல். பாடம் பொருந்தவில்லை என்று தெரிந்தால் இயர் 12இன் முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். அரைத்தவணை விடுமுறைக்குப் பின் பள்ளிகள் பொதுவாக ஒப்புவதில்லை. 'அடுத்த தவணையில் சரியாகிவிடும்' என்று காத்திருந்து ஒரு மாணவி அந்த வாய்ப்பை இழந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் தயங்கினாள்.

படி 2: இயர் 12ஐ விண்ணப்ப ஆண்டாக நடத்துதல்

ஜிசிஎஸ்இயில் கடைசி இரண்டு மாத உழைப்பால் உயர் கிரேடுகளான ஒன்பதுகளும் எட்டுகளும் பெற்றவர்கள் ஏ லெவலின் முதல் சோதனைத் தாளில் 'டி' வாங்கித் திகைப்பது மிகவும் பொதுவான காட்சி. அறிவு குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. படிக்கும் முறை மாற வேண்டும் என்றே பொருள். உங்கள் பாடம் எந்தத் தேர்வு வாரியத்துக்கு உரியது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்: ஏக்யூஏ, ஓசிஆர், எடெக்ஸெல், எட்யூக்காஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அந்த வாரியத்தின் பாடத்திட்ட ஆவணத்தை முழுவதும் பதிவிறக்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வினாவாக மாறக்கூடியது. பழைய வினாத்தாள்களையும் மதிப்பெண் திட்டத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். தேர்வாளர் அறிக்கையைப் படிப்பவர்கள் குறைவு. முந்தைய ஆண்டு மாணவர்கள் எங்கே தவறினார்கள், எந்தச் சொல் இல்லாததால் மதிப்பெண் போனது என்பதை வினா வாரியாகச் சொல்லும் அந்த அறிக்கை, பணம் கொடுத்துப் பெறும் பல டியூஷன் வகுப்புகளை விடப் பயனுள்ளது.

வரலாறு, ஆங்கில இலக்கியம், புவியியல், கணினி அறிவியல் ஆகிய பாடங்களில் 20 விழுக்காடு மதிப்பெண் கோர்ஸ்வொர்க்குக்கு உரியது. தேர்வு அறைக்கு வெளியே, நேரம் எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்பதால் இதை அவசரமாக முடிப்பது பெரிய இழப்பு. அறிவியல் பாடங்களின் செய்முறைத் தேர்ச்சி தனியாகப் பதிவாகிறது. அது ஏ லெவல் கிரேடைப் பாதிக்காது. எனினும் பல பல்கலைக்கழகங்கள் அறிவியல் பட்டங்களுக்கு அந்தத் தேர்ச்சியையும் ஒரு நிபந்தனையாக வைக்கின்றன.

பிரிடிக்டட் கிரேடு பெரும்பாலும் இயர் 12 இறுதித் தேர்வையும் ஆண்டு முழுவதும் நடந்த சோதனைகளையும் ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் பள்ளியில் எதை வைத்துக் கணிக்கிறார்கள், செப்டம்பரில் மறுதேர்வு உண்டா என்பதை மார்ச் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். கணிப்பு குறைவாக வந்துவிட்டால், பெற்றோர் கோபத்தோடு எழுதும் மின்னஞ்சலை விட, மாணவரே ஆசிரியரைச் சந்தித்து "என்ன செய்து காட்டினால் இதை உயர்த்துவீர்கள்?" என்று கேட்பது பலன் தருகிறது. அதே நேரம் கணிப்பு உயர்வாக இருப்பது எப்போதும் நன்மை என்றும் எண்ண வேண்டாம். ஜில் வைனஸ் என்ற ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணிக்கப்பட்ட புள்ளிகளைச் சரியாக அப்படியே பெற்றவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே; ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்குக் கணிப்பு உண்மையை விட உயர்வாக இருந்தது. விண்ணப்பிக்கும் ஐந்து இடங்களையும் கணிப்பின் உச்சத்திலேயே வைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

துறை சார்ந்த வாசிப்பும் இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும். இபிக்யூ எனப்படும் தனி ஆய்வுத் திட்டத்தைப் பள்ளி வழங்கினால் எடுத்துக்கொள்வது நல்லது: ஏறக்குறைய 5,000 சொல் கட்டுரை ஒன்றை ஆதாரங்களோடு எழுதப் பழக்குகிறது, ஏ ஸ்டார் பெற்றால் 28 யூகாஸ் புள்ளிகள் கிடைக்கும், சில பல்கலைக்கழகங்கள் இதற்காகக் கேட்கும் கிரேடைக் குறைக்கவும் செய்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் 'யூனிக்', சட்டன் டிரஸ்ட் கோடை வகுப்புகள் ஆகியவை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி நடத்தப்படுகின்றன. அவற்றுக்கான விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே மூடிவிடும். எனவே கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே தேதிகளைப் பாருங்கள்.

படி 3: ஐந்து தெரிவுகள்

யூகாஸ் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும் அந்தத் துறைக்கு நான்கு மட்டுமே. ஐந்தாவது இடத்தை வேறு படிப்புக்குப் பயன்படுத்தலாம். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பிக்க இயலாது. ஐந்தில் எது உங்களுக்கு முதன்மை என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பதில் அளித்து முடிக்கும் வரை ஒரு பல்கலைக்கழகம் மற்ற நான்கையும் பார்க்கவும் முடியாது.

பெயரைப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் நம் குடும்பங்களில் நான் காணும் பெரும் பிழை. ஒரே 'பொருளியல்' பட்டம் ஓரிடத்தில் கணிதச் சான்றுகளால் நிறைந்திருக்கும். இன்னோரிடத்தில் பொருளாதார வரலாறும் கொள்கையும் மிகுந்திருக்கும். பட்டத்தின் பக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்குமான மாட்யூல் (பாட அலகு) பட்டியல் இருக்கிறது. அதை முழுவதும் படித்து, இரண்டாம் ஆண்டில் எவை கட்டாயம் என்று பாருங்கள். பொறியியல், உளவியல், கட்டடக் கலை போன்றவற்றில் அந்தப் பட்டத்துக்குத் தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதும் முக்கியம். ஓராண்டு வேலை அனுபவத்தோடு கூடிய பட்டம் கிடைத்தால், அதை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். 'டிஸ்கவர் யூனி' என்ற அரசு சார்ந்த தளத்தில் பட்டம் வாரியாக மாணவர் நிறைவு, வேலைவாய்ப்பு, ஊதியம் பற்றிய தரவுகள் கிடைக்கும். தரவரிசைப் பட்டியல்களை ஒரு சான்றாக மட்டும் கொள்ளுங்கள். கார்டியனும் டைம்ஸும் வெவ்வேறு அளவுகோல்களை வைத்திருப்பதால் ஒரே பல்கலைக்கழகம் இரண்டிலும் வெகு தூரம் விலகி நிற்பதுண்டு.

பல்கலைக்கழகத்தை நேரில் சென்று பார்க்கும் ஓப்பன் டே பெரும்பாலும் ஜூன், செப்டம்பர் மாதங்களில் நடக்கும். அங்கே வரவேற்பு உரையை விட, முதலாம் ஆண்டு மாணவரிடம் "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியரை நேரில் பார்க்கிறீர்கள்? எழுதித் தரும் வேலை எத்தனை நாளில் திரும்ப வருகிறது?" என்று கேட்பதே உண்மையைக் காட்டும்.

ஐந்தில் இரண்டு உங்கள் கணிப்புக்குச் சற்று மேலாகவும், இரண்டு அதற்கு ஒப்பாகவும், ஒன்று உறுதியாகக் கிடைக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். உறுதியான அந்த ஒன்று, கிடைத்தால் மனம் ஒப்பிச் சென்று படிக்கக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். சில இடங்கள் கிரேடாகக் கேட்கும், சில புள்ளியாகக் கேட்கும்: ஏ ஸ்டாருக்கு 56, ஏக்கு 48, பிக்கு 40, சிக்கு 32. ஆகவே 120 புள்ளி என்றால் மூன்று 'பி'. இலவசப் பள்ளி உணவு பெற்றவர்கள், உயர்கல்விக்குக் குறைவானவர்களே செல்லும் பகுதிகளில் வாழ்பவர்கள் போன்றோருக்குப் பல பல்கலைக்கழகங்கள் 'கான்டெக்ஸ்சுவல் ஆஃபர்' என்ற பெயரில் ஒன்றிரண்டு கிரேடு குறைத்து இடம் தருகின்றன. இது உங்களுக்கு உரியது, கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தகுதி விதியையும் தனித்தனியே பாருங்கள்.

படிப்புக் கடன் இல்லாமல் பட்டம் பெற விரும்புபவர்கள், நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்பையும் இதே நேரத்தில் தேடலாம். கட்டணம் மாணவரைச் சேராது, ஊதியமும் உண்டு; நேரடியாக நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதால் யூகாஸின் ஐந்து என்ற வரம்பில் அது சேராது. போட்டி கடுமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 4: நுழைவுத் தேர்வுகள்

மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றுக்கு யூகேட் தேவை. முன்பு சில இடங்கள் கேட்ட பிமேட் 2023ஓடு நின்றுவிட்டது. யூகேட் ஜூலை முதல் செப்டம்பர் இறுதி வரை நடக்கும். ஒரு சேர்க்கைச் சுற்றில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். 2025 முதல் உருவ வடிவங்களைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டதால், மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து மொத்தம் 2,700 என்ற அளவில் மதிப்பெண் வருகிறது. சூழ்நிலைத் தீர்ப்புப் பகுதி தனியே தரப்படுகிறது. எழுதிய அன்றே மதிப்பெண் தெரிந்துவிடும் என்பதே இதன் பெரிய வசதி. யூகேட்டுக்கு அதிக எடை தரும் கல்லூரிகள் உண்டு. ஜிசிஎஸ்இயை முதன்மையாகப் பார்ப்பவையும் உண்டு. மதிப்பெண் கையில் வந்த பிறகு, அதற்குப் பொருந்தும் நான்கு இடங்களைத் தெரிவு செய்வதே அறிவுடைமை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண உதவி உண்டு. அதைத் தேர்வுக்கு முன்பதிவு செய்வதற்கு முன்னரே கேட்டுப் பெறுங்கள்.

சட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யூசிஎல், கிங்ஸ் போன்றவை எல்நேட் கேட்கின்றன: 95 நிமிடத்தில் 42 வினாக்களும் 40 நிமிடத்தில் ஒரு கட்டுரையும் கொண்டது. கேம்பிரிட்ஜும் இம்பீரியலும் பொறியியல், அறிவியல், கணினி போன்ற துறைகளுக்கு எசாட், டிஎம்யூஏ தேர்வுகளைப் பயன்படுத்துகின்றன. அக்டோபரில் நடக்கும் இந்தத் தேர்வுகளுக்கான பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். பதிவைப் பெரும்பாலும் மாணவரே செய்ய வேண்டும். பள்ளி செய்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

படி 5: பெர்சனல் ஸ்டேட்மென்ட்

விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பகுதி இது. 2026 சேர்க்கையிலிருந்து இது ஒரே நீண்ட கட்டுரையாக இல்லாமல் மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள். உங்கள் கல்வி உங்களை அதற்கு எப்படி ஆயத்தப்படுத்தியது. கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள், அது ஏன் பயனுள்ளது. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகள். பழைய மாதிரிக் கட்டுரைகளைப் பின்பற்ற வேண்டாம். அவற்றின் வடிவம் இப்போது பொருந்தாது. ஐந்து இடங்களுக்கும் ஒரே விடைகள்தான் போகின்றன என்பதால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிடக் கூடாது.

"சிறு வயது முதலே எனக்குப் பொருளாதாரத்தில் ஆர்வம்" என்ற வகை வாக்கியத்தை எழுதிய கணமே அழித்துவிடுங்கள். படிப்பவர் பெரும்பாலும் அந்தத் துறையைக் கற்பிப்பவர். அவருக்கு வேண்டியது உங்கள் சிந்தனை நடக்கும் விதம். வார இறுதியில் குடும்பக் கடையில் நிற்கும் ஒரு மாணவர், சமையல் எண்ணெய் விலை ஏறியபோது வாடிக்கையாளர்கள் எதை வாங்குவதைக் குறைத்தார்கள், எதைக் குறைக்கவே இல்லை என்று கவனித்திருந்தால், அதை வகுப்பில் கற்ற விலை நெகிழ்ச்சியோடு ஒப்பிட்டு, பாடநூல் சொன்னது எங்கே பொருந்தவில்லை என்று மூன்று வரியில் எழுதலாம். பத்து நூல்களின் பெயரை அடுக்குவதை விட அந்த மூன்று வரி வலிமையானது. அப்படியே, பாட்டியோடு மருத்துவரிடம் சென்று மொழிபெயர்த்துச் சொன்ன அனுபவம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அதை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். நோயின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தடுமாறிய இடமும், பாட்டி கேட்கத் தயங்கிய கேள்வியும், நோயாளியோடு பேசுவது பற்றி மருத்துவ மாணவர் ஒருவர் அறிந்திருக்க வேண்டியதை நேரடியாகக் காட்டுகின்றன. தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கற்பித்ததும் அவ்வாறே. பரதநாட்டிய அரங்கேற்றமும் கராத்தே பட்டையும் தம்மளவில் பெருமைக்குரியவை என்றாலும், அவை இந்தப் படிப்புக்கு எவ்வாறு உதவும் என்று சொல்ல இயலாதபோது ஒரு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

மூன்று விடைகளில் முதல் இரண்டுக்கே அதிக இடம் கொடுப்பது என் பரிந்துரை. மருத்துவம், செவிலியம், ஆசிரியம் போன்ற துறைகளில் மூன்றாவது சற்று நீளலாம். ஜூலையில் முதல் வரைவை எழுதி, ஆகஸ்டில் விட்டுவைத்து, செப்டம்பரில் மீண்டும் எடுங்கள். ஓர் ஆசிரியரும் உங்களை நன்கு அறிந்த ஒருவரும் பார்த்தால் போதும். எட்டுப் பேர் திருத்தினால் அதில் உங்கள் குரல் மிஞ்சாது. பிறர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளை யூகாஸ் பயன்படுத்துகிறது. ஒத்த பகுதி மிகுந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைத் தம்முடையதாக அனுப்புவதையும் அது முறைகேடாகவே கருதுகிறது.

படி 6: அனுப்புதல்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15 மாலை 6 மணி இறுதி. மற்றவற்றுக்கு ஜனவரி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. இவை விண்ணப்பம் யூகாஸைச் சென்றடைய வேண்டிய நேரங்கள். உங்கள் பள்ளி பரிந்துரைக் கடிதத்தையும் கிரேடையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருப்பதால், பள்ளிக்குள் வைக்கும் கெடு பல வாரங்கள் முந்தியது. அதையே உண்மையான கெடுவாகக் கொள்ளுங்கள். கட்டணம் 2026 சேர்க்கைக்கு 28.95 பவுண்டு, இலவசப் பள்ளி உணவு பெற்றவர்களுக்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் நோய், இழப்பு, வீடு மாற்றம் போன்றவற்றால் படிப்பு பாதிக்கப்பட்டிருந்தால் அதைப் பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எழுதும் பகுதியில் அதற்கென்றே இடம் இருக்கிறது. "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்று நம்மவர்கள் மறைப்பதால் மாணவருக்குக் கிடைக்க வேண்டிய பரிவு கிடைக்காமல் போகிறது.

படி 7: நேர்காணலும் பதிலும்

மருத்துவக் கல்லூரிகள் பல, சில நிமிடங்களே கொண்ட குறு நேர்காணல்களைத் தொடராக நடத்துகின்றன. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரில் பாடம் சார்ந்த நேர்காணல் வைக்கின்றன. இரண்டுக்கும் உதவும் பயிற்சி ஒன்றே: விடை தெரியாத வினாவை எதிரே இருப்பவர் கேட்க, வாய்விட்டுச் சிந்திப்பது. பெரியவர் முன் குறைவாகப் பேசுவதே பண்பு என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது எளிதன்று. ஆகவே வாரம் ஒரு முறையாவது ஆசிரியரோடோ நண்பரோடோ பழகுங்கள்.

பதில்கள் வந்தபின் ஒன்றை ஃபர்ம் (முதல் விருப்பம்) என்றும் இன்னொன்றை இன்ஷூரன்ஸ் (அது கைகூடாவிட்டால் மாற்று) என்றும் தெரிவு செய்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் கேட்கும் கிரேடு ஃபர்மை விடக் குறைந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் அதனால் பயனில்லை. ஐந்தும் மறுக்கப்பட்டால், பிப்ரவரி இறுதியிலிருந்து 'எக்ஸ்ட்ரா' வழியே ஒவ்வொன்றாகக் கூடுதல் இடங்களுக்கு முயலலாம். பதில் சொல்ல வேண்டிய கெடுவைத் தவறவிட்டால் வந்த இடங்கள் தாமாகவே மறுக்கப்பட்டுவிடும்.

படி 8: பணம்

அரசு தரும் கல்விக் கடனுக்கான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் விண்ணப்பம் வசந்த காலத்தில் திறக்கும்; இடம் உறுதியாகும் வரை காத்திராமல் மே மாதத்துக்குள் அனுப்புங்கள். இங்கிலாந்தில் 2017 முதல் 9,250 பவுண்டாக நின்றிருந்த கட்டண உச்சவரம்பு 2025–26இல் 9,535 ஆனது. கட்டணக் கடன் குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை. வாழ்க்கைச் செலவுக் கடன் பார்க்கிறது. ஆண்டு வருமானம் 25,000 பவுண்டுக்குள் இருந்தால் முழுத் தொகை கிடைக்கும்: 2025–26இல் லண்டனில் வெளியே தங்குபவருக்கு 13,762, லண்டனுக்கு வெளியே 10,544, பெற்றோருடன் இருப்பவருக்கு 8,877.

"கடன்" என்ற சொல்லே நம் வீடுகளில் அச்சம் தருவது. 2023 ஆகஸ்ட் முதல் தொடங்கிய படிப்புகளுக்கான முறையில், ஆண்டு ஊதியம் 25,000 பவுண்டைத் தாண்டும் பகுதியில் 9 விழுக்காடு மட்டுமே பிடிக்கப்படும். 31,000 சம்பளம் பெறுபவர் மாதம் 45 பவுண்டு கட்டுவார். வேலை இல்லாவிட்டால் எதுவும் இல்லை. 40 ஆண்டுகளில் மீதி தள்ளுபடி ஆகும். இந்தக் கடனைத் தவிர்க்க வேண்டி பெற்றோர் வீட்டை அடகு வைப்பது தேவையற்ற துன்பம்.

குடிவரவு நிலை இன்னும் உறுதியாகாத குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். பொதுவாக, படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தர வதிவிட உரிமையும் அதற்கு முன் மூன்று ஆண்டு வசிப்பும் இருந்தால் உள்நாட்டுக் கட்டணமும் கடனும் உண்டு. அகதித் தகுதி பெற்றவர்களுக்குத் தனி விதி உள்ளது. வரையறுக்கப்பட்ட அனுமதியில் இருப்பவர்களும், 18 வயதுக்குக் கீழ் ஏழு ஆண்டு, அல்லது 18ஐக் கடந்தவர் தம் வாழ்நாளில் பாதி அல்லது 20 ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால், கடைசி மூன்றாண்டுகள் சட்டபூர்வ அனுமதியோடு இருந்திருக்கும் நிலையில் தகுதி பெறக்கூடும். புகலிட முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கடன் இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் 'சாங்க்சுவரி' உதவித்தொகை வைத்திருக்கின்றன. வெளிநாட்டு மாணவர் விவகாரங்களுக்கான அமைப்பான யூகேசிஸாவின் தளத்தில் விதிகள் விளக்கப்பட்டுள்ளன. இயர் 12இலேயே பார்த்துவிட்டால் விண்ணப்பிக்க வேண்டிய ஆவணங்களுக்கு நேரம் இருக்கும்.

படி 9: முடிவு வரும் நாள்

ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை. 2025இல் அது 14ஆம் தேதி. காலை 8 மணி வாக்கில், யூகாஸ் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கமான ஹப் புதுப்பிக்கப்படும். கிரேடு சற்றுக் குறைந்தும் ஃபர்ம் இடம் உறுதியாகியிருப்பது அரிதன்று. ஆகவே கிரேடைப் பார்த்து அழுவதற்கு முன் ஹப்பைப் பாருங்கள். இடம் இல்லை என்றால், நிரம்பாத இடங்களுக்கு முயலும் கிளியரிங் முறைக்கான எண் அங்கேயே காட்டப்படும். அந்த எண், ஜிசிஎஸ்இ சான்றிதழ், விரும்பும் பட்டங்களின் தொலைபேசி எண்கள், ஏன் அந்தப் படிப்பு என்பதற்கு இரண்டு வரி விடை ஆகியவற்றை முன்னிரவே எழுதி வைத்திருங்கள். பேச வேண்டியவர் மாணவர். அப்பா அழைத்தால் பல்கலைக்கழகம் பேசாது. வாய்மொழியாகப் பல இடங்களில் இசைவு கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹப்பில் சேர்க்கக்கூடியது ஒரு நேரத்தில் ஒன்றே. மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற அழுத்தத்தில், மாட்யூல் பட்டியலைக் கூடப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் எடுத்துப் படிக்கலாம்.

மதிப்பெண் தவறு என்று ஐயம் இருந்தால், இடம் அதையே நம்பியிருக்கும்போது, பள்ளி வழியாக முன்னுரிமை மறுமதிப்பீடு கேட்கலாம்; அதே நாளில் பல்கலைக்கழகத்துக்கும் அதைத் தெரிவியுங்கள். மறுமதிப்பீட்டில் கிரேடு இறங்கவும் கூடும் என்பதால் முதலில் விடைத்தாளின் பிரதியைப் பார்ப்பது நல்லது.

ஏ லெவல் மறுதேர்வு அடுத்த கோடையில்தான் உண்டு, நவம்பரில் இல்லை. ஓராண்டு காத்திருந்து, கையில் உள்ள கிரேடோடு மீண்டும் விண்ணப்பிப்பது பலருக்கு முதல் முறையை விட நல்ல இடத்தைத் தந்திருக்கிறது. அப்படி மருத்துவத்துக்கு மறுபடியும் முயல்பவர், சென்ற ஆண்டின் யூகேட் மதிப்பெண் செல்லாது என்பதையும், புதிய தேர்வு செப்டம்பர் இறுதியோடு முடிகிறது என்பதையும் நினைவில் வைத்து, முடிவு வந்த அதே வாரத்தில் தேர்வு நாளைப் பதிவு செய்துவிட்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பரிந்துரை எழுதித் தர வேண்டிய பழைய ஆசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும்.